ஆவாரம்பாளையம் லேத்தில் கடைந்த லென்ஸ் ஹுட்

லென்ஸை 4,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு, அதற்கு ஒரு ஹுட்டும் (வேண்டாத வெயிலை மறைக்க லென்ஸ் முனையில் மாட்டும் குல்லா) ஒரு ஃபில்டரும் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி) கேட்டால் 3,500 ஆகும் என்கிறார்கள். புடவையைவிட ஜாக்கெட் தையல் கூலி அதிகம் என்கிற கதைதான். ஒன்றரை வருடமாகக் கடை, ஆன்லைன், கடைசியில் லேத் பட்டறை என்று அலைந்ததில் எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்பது எனக்குக் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய லென்ஸ் வைத்து விளையாடுகிறவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

என் சரக்கு இவ்வளவுதான்: சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, ஒரு ஜூபிடர்-8, ஒரு பழைய நிக்கார் 50, அப்புறம் கோபியில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பா கொடுத்த யாஷிகா மேட் 124 ஜி என்கிற இரட்டைக் கண் ஃபிலிம் கேமரா. நாலுக்கும் வாய் அளவு நாலு விதம். ஹீலியோஸுக்கு 49 மி.மீ., நிக்காருக்கு 52, ஜூபிடருக்கு 40.5. யாஷிகாவுக்கு மரையே கிடையாது, பயனெட், அதாவது பல்லில் சொருகித் திருப்பி மாட்டுவது. ரோலைஃப்ளெக்ஸ்காரன் ஆரம்பித்து வைத்த பே ஒன் என்கிற அளவை யாஷிகாக்காரனும் எடுத்துக்கொண்டான், கஷ்டம் நமக்கு.

முதலில் ஒரு விஷயம். கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது, ஹுட்டா ஃபில்டரா என்று கேட்டால் யோசிக்காமல் ஹுட் என்பேன். கடையில் எல்லோரும் ‘யூவி ஃபில்டர் போட்டுக்கோங்க, லென்ஸுக்குப் பாதுகாப்பு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் இந்தப் பழைய கண்ணாடிகளில் வெளிச்சம் எதிரொளிக்காமல் தடுக்கும் கோட்டிங் பெரும்பாலும் ஒற்றைப் பூச்சுதான், ரொம்பப் பழையதில் அதுவும் இருக்காது. பக்கவாட்டில் வெயில் பட்டால் போதும், படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். மாசி மாதம் கோனியம்மன் தேருக்கு ஹீலியோஸை எடுத்துக்கொண்டு போனேன். தேர் ராஜ வீதியில் வரும்போது சூரியன் சரியாக எதிர்ப்பக்கம். முப்பது படத்தில் ஐந்துதான் தேறியது, அந்த ஐந்தும் இடது கையைக் குடை மாதிரி லென்ஸுக்கு மேலே பிடித்துக்கொண்டு எடுத்தவை. கையால் மறைத்தே இவ்வளவு மாறுகிறது என்றால் ஹுட்டுக்கு என்ன விலையும் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்புறம் விலையைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

ஃபில்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு யூவி மாட்டிக்கொண்டு போங்கள், அந்தப் புழுதியை லென்ஸ் மேல் வைத்துத் துடைத்தால் கோட்டிங் போய்விடும். கருப்பு வெள்ளை ஃபிலிம் ஓட்டுகிறவர்களுக்கு மஞ்சள் ஃபில்டர் அவசியம் என்றே சொல்வேன், உடுமலைப்பேட்டை பக்கம் காற்றாலையும் மேகமும் எடுக்கும்போது அது இல்லாவிட்டால் வானம் வெள்ளைத் தாள் மாதிரிதான் வரும். மற்றபடி வீட்டு விசேஷத்துக்கும் தெருப் படத்துக்கும் லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடியை நிறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதிலும் மலிவுக் கண்ணாடியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நான் ஆன்லைனில் 180 ரூபாய்க்கு ஒரு 52 யூவி வாங்கினேன், யாரிடம் என்று சொல்லப்போவதில்லை. பகலில் குறை தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் கிராஸ் கட் ரோட்டில் ராத்திரி படம் எடுத்தேன், ஒவ்வொரு விளக்குக்கும் படத்தின் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒரு மங்கலான பச்சைப் பேய். சென்சாரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் தட்டையான ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். பூச்சில்லாத கண்ணாடியில் ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம் வெளிச்சம் திரும்பும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 8. ஃபில்டரைக் கழற்றி எடுத்தேன், பேய் போய்விட்டது. ஆனால் கழற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது, மரை அப்படி இறுகிக்கொண்டது. இறுகினால் இறுக்கிப் பிடித்துத் திருகாதீர்கள், வளையம் நசுங்கி இன்னும் பிடித்துக்கொள்ளும். விளிம்பைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு போட்டு, உள்ளங்கையை வைத்து லேசாகத் திருப்பினால் வந்துவிடும்.

நல்ல ஃபில்டர் மலிவாகக் கிடைப்பது பழைய கேமரா ரிப்பேர் கடைகளில்தான். டவுன்ஹால் பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை இருக்கிறது, செருப்பு டப்பா நிறைய ஃபில்டர், எதை எடுத்தாலும் 150 ரூபாய். ஹோயா, கென்கோ என்று ஜப்பான் சரக்கே நிறையக் கிடந்தது. கடைக்காரருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும், பேரமெல்லாம் அவரிடம் நடக்காது, ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க விடுவார், அதுவே பெரிய விஷயம். ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். அதில் தெரியும் ட்யூப்லைட் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் பூச்சில்லாத கண்ணாடி, பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு உள்ளது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள், கண்ணாடி வளையத்துக்குள் கடகடத்தால் வேண்டாம். பூஞ்சை இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஃபில்டர் தட்டைக் கண்ணாடிதானே, துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். போலரைசரில் (எதிரொளிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மட்டும் ஓரத்தில் குமிழியோ வானவில் மாதிரி நிறமோ தெரிந்தால் தொடவே தொடாதீர்கள், உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கும். வளையம் பித்தளையாக இருந்தால் இன்னும் நல்லது, அலுமினியம் மாதிரி சட்டென்று இறுகிக்கொள்ளாது.

அந்த டப்பாவில் பாதிக்கு மேல் 52 மி.மீ.தான். ஒரு காலத்தில் நிக்கான்காரன் தன் லென்ஸ்களில் நிறையவற்றுக்கு 52 என்றே வைத்திருந்தான், அந்தப் புண்ணியம். அதனால் நான் செய்தது இதுதான்: ஃபில்டர் எல்லாம் 52இல் வாங்கிவிட்டு, ஹீலியோஸுக்கு 49-52 ஸ்டெப் அப் ரிங் (சின்ன வாயில் பெரிய ஃபில்டரை மாட்டும் வளையம்) ஒன்று போட்டுக்கொண்டேன், 160 ரூபாய். மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, யூவி ஒன்று, மூன்றும் இரண்டு லென்ஸுக்கும் ஆகிறது. பெரியதிலிருந்து சின்னதுக்கு இறங்கும் ரிங் வாங்காதீர்கள், மூலை கறுத்துப்போகும். ஜூபிடருக்கு இந்த வேலை செய்யவில்லை, 40.5 வாயில் 52 வளையத்தை மாட்டினால் பூசணிப் பூவைப் பாவக்காயில் ஒட்ட வைத்த மாதிரி இருக்கும்.

ஹுட் கதைக்கு வருகிறேன். ஆன்லைனில் மலிவாக மூன்று விதம் கிடைக்கிறது. மூன்று மடிப்பு ரப்பர் ஹுட் 200 ரூபாய்க்கு வந்தது. பையில் அமுங்கிக்கொள்ளும், எங்காவது இடித்தால் லென்ஸைக் காப்பாற்றும், ஆனால் ஒரு கோடைக்குப் பிறகு மடிப்பில் வெடிப்பு விட்டது. உலோக ஹுட் 300 முதல் 400. இதுதான் என் சிபாரிசு, 49க்கும் 52க்கும் 40.5க்கும் மரை போட்டது சுலபமாகக் கிடைக்கிறது, ஜூபிடருக்கு வாங்கிய ஓட்டை போட்ட மாடல் பார்க்கவும் அழகு. மூன்றாவது பூவிதழ் மாதிரி வெட்டின பிளாஸ்டிக் ஹுட், அதைப் பழைய லென்ஸுக்கு வாங்குவது வீண். மரையில் திருகி முடிக்கும்போது இதழ் எந்தப் பக்கம் நிற்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். சில பழைய லென்ஸில் ஃபோகஸ் திருப்பினால் முன்பக்கமே சேர்ந்து சுற்றும், அதில் கேட்கவே வேண்டாம்.

வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) மூலைக்கு மூலை 47 டிகிரி பார்க்கும், 28 லென்ஸ் 75 டிகிரி பார்க்கும், இரண்டுக்கும் ஒரே ஹுட் ஆகாது. வாங்கினதும் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ இன்ஃபினிட்டியில் (ஃபோகஸின் கடைசித் தூரம்) வைத்து, அபர்ச்சரை (லென்ஸின் துவாரம்) 16க்கு இறக்கி ஒரு படம் எடுங்கள், மூலை கறுத்திருந்தால் ஹுட் நீளம் அதிகம். அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மாட்டுகிறவர்கள் கூசாமல் 85க்கான நீள ஹுட்டையே போடலாம், சென்சாருக்கு வெளியே விழுகிற வீண் வெளிச்சம் அவ்வளவும் குறையும். அப்புறம் எதையும் வாங்குவதற்கு முன் லென்ஸின் கழுத்தைப் பிடித்து ஒரு தடவை முன்னால் இழுத்துப் பாருங்கள். திருப்பூர் நண்பர் ஒருவர் நிக்கார் 105க்கு ஹுட் தேடி ஒரு மாதம் அலைந்தார். அது ஏஐ-எஸ் மாடல், ஹுட் உள்ளேயே இருக்கிறது, இழுத்தால் வரும். மைக்ரோ நிக்கார் 55 வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவே இல்லை, முன் கண்ணாடி கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி ஆழத்தில்தான் இருக்கிறது.

மாட்டிக்கொண்டது யாஷிகா மேட்தான். அதற்கு அசல் பே ஒன் ஹுட் ஒன்றுக்கு ஒருவர் 2,800 கேட்டார், அதுவும் ஒரு பல் உடைந்தது. அடாப்டர் ரிங் போட்டுப் பெரிய ஹுட் மாட்டலாம் என்றால், இரட்டைக் கண் கேமராவில் அது மேலே இருக்கிற பார்க்கும் லென்ஸை மறைத்துவிடும். அப்போதுதான் உறைத்தது. ஃபிலிம் கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி வரைக்கும் செய்து பார்த்த ஜி.டி. நாயுடுவின் ஊரான கோயமுத்தூரில், தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அலுமினிய வளையத்துக்கு எங்கோ இருந்து பார்சல் வர ஒரு மாதம் காத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவாரம்பாளையத்தில் பம்பு பாகங்கள் கடைகிற ஒரு சின்னப் பட்டறை, இரண்டே லேத். கேமராவை மேஜையில் வைத்ததும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, மேல ஒரு கண்ணு கீழ ஒரு கண்ணு இருக்குதுங்களே, எந்தக் கண்ணுக்குங்க குல்லா?”

“கீழ இருக்கறதுக்குத்தாங்ணா. அதுதான் படம் எடுக்கும். மேல இருக்கறது சும்மா பார்க்கறதுக்கு.”

“அப்ப மேல் கண்ணை மறைக்காம, கீழ் கண்ணுக்கு மட்டும் வெயில் படாம இருக்கோணும். அவ்வளவுதானுங்களே?”

அவ்வளவுதான். நான் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து வீட்டிலிருந்து படமெல்லாம் வரைந்துகொண்டு போயிருந்தேன், அதை அவர் பார்க்கவே இல்லை. வெர்னியரை எடுத்துக் கீழ் லென்ஸின் வெளிவட்டத்தை மூன்று இடத்தில் அளந்தார், இரண்டு லென்ஸுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்தார், பழைய டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். பயனெட் பல் வெட்டுவது கூலிக்குக் கட்டாது, வெளியே சொருகுகிற மாதிரி செய்யலாம், மூன்று இடத்தில் ரம்பத்தால் கீறிவிட்டால் ஸ்பிரிங் மாதிரி கவ்விக்கொள்ளும் என்றார். 450 ரூபாய், அலுமினியம் அவருடையது. “நாளைக்குப் பொழுதோட வாங்க” என்றார். ஒன்பது நாள் ஆனது. பம்பு ஆர்டர் வந்தால் நம் குல்லா பின்னால் போய்விடும், அதற்குக் கோபித்துக்கொண்டு பயனில்லை.

வந்த சாமான் அவ்வளவு அழகு. கொஞ்சமாக விரிந்த வாய், சுவர் ஒன்றரை மில்லி கனம்கூட இருக்காது, சொருகினால் ஒரு சின்ன ‘டப்’ சத்தத்தோடு உட்காருகிறது. உள்ளும் புறமும் எமரி போட்டு வெள்ளிக் கிண்ணம் மாதிரி தேய்த்து வைத்திருந்தார். சிக்கல் அங்கேதான். ஹுட்டின் உள்பக்கம் பளபளத்தால் அது ஹுட் இல்லை, டார்ச் லைட் கிண்ணம். 120 ரோலில் பன்னிரண்டே படம், அதை வீணாக்க மனசு வராமல், பின் கதவைத் திறந்து ஃபிலிம் ஓடுகிற இடத்தில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, பி-யில் வைத்துக் கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் பார்த்தேன். வெயில் பக்கவாட்டில் வரும்போது பேப்பரின் நடுவில் ஒரு வெள்ளை வளையம். ஹுட்டைக் கழற்றினால் வளையம் இல்லை. 450 ரூபாய் கொடுத்து இல்லாத கிளேரை, அதாவது வீண் வெளிச்சத்தை, வாங்கி வந்திருக்கிறேன்.

திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னபோது அண்ணனுக்கு வருத்தம்தான்.

“எங்கப்பா காலத்துல இருந்து பளபளன்னு குடுத்தாத்தானுங்க கூலி. நீங்க அழுக்காக் குடுங்கறீங்க.”

ஆனாலும் லேத்தின் பிடியான சக்கில் மாட்டினார். சக்கில் இறுக்கினால் இவ்வளவு மெல்லிய வளையம் கோணிவிடும் என்று உள்ளே ஒரு மரக்கட்டையைக் கடைந்து அடைத்துவிட்டு, முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த வரைக்கும் உள்சுவரில் நெருக்கமாக மரை மாதிரி வரி வரியாக இழுத்தார். டூல் தொட்டதும் மெல்லிய அலுமினிய இழை முறுக்கு பிழிகிற மாதிரி சுருண்டு விழுந்தது. அலுமினியத்துக்குக் கறுப்பு ஏற்றும் அனோடைசிங் செய்கிறவர்கள் ஒற்றைப் பீசை வாங்கமாட்டார்கள், குறைந்தது ஒரு லாட் வேண்டும் என்றதால், பக்கத்து ஹார்டுவேர் கடையில் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட் சின்ன டப்பா வாங்கி நானே இரண்டு கோட் அடித்தேன். உள்ளே வெல்வெட் துணி ஒரு பட்டை ஒட்டினேன், யாஷிகாவின் வளையத்தில் கீறல் விழக்கூடாது என்று. வரி இழுக்க 100 ரூபாய், பெயிண்ட் 90. மறுபடி ட்ரேசிங் பேப்பர் வைத்துப் பார்த்தேன், வளையம் இல்லை, மூலையும் கறுக்கவில்லை, மேல் லென்ஸில் கீழ் ஓரம் ஒரு துளிகூட மறையவில்லை. யாஷிகாவில் இருக்கும் 80 மி.மீ. யாஷினான் லென்ஸ் மூலைக்கு மூலை 52 டிகிரி பார்க்கிறது, அதற்கு எவ்வளவு வாய் விரிய வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அவர் கண்ணாலேயே பார்த்து வைத்தது அதைவிட ஒரு மில்லிதான் கூட.

குறையும் இருக்கிறது. விளிம்பில் பெயிண்ட் உதிர்கிறது, மாதம் ஒரு தடவை தொட்டுவிட வேண்டும். ஹுட்டோடு தோல் உறை மூடாது. பலத்த காற்றில் கழன்று விழுந்துவிடுமோ என்ற பயம் இருந்தது, பல்லடம் பக்கம் ஆடிக் காற்றில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன், விழவில்லை.

ஹீலியோஸுக்கும் இவரிடமே ஒன்று செய்யலாமே என்று ஆசை வந்தது. 49க்கு முக்கால் மில்லி பிட்ச் (மரை இடைவெளி) மரை, மெல்லிய அலுமினியத்தில் அதை வெட்டக் கியர் மாற்றி மெனக்கெட வேண்டும், 800க்குக் குறையாது என்றார். அவரே, “ஆன்லைன்ல முந்நூறுக்கு வருதுன்னா அதை வாங்கிக்கோங்க தம்பி, எதுக்குங்க வீண் செலவு” என்று அனுப்பிவிட்டார். என் கணக்கும் அதுதான். சாதாரண மரை அளவுக்குப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள், பணமும் நேரமும் விரயம். பயனெட், வெளியே சொருகுகிற பழைய ஜெர்மன் மடக்குக் கேமரா, எங்கேயும் கிடைக்காத ஒற்றை அளவு, இதற்கெல்லாம் போங்கள். போகும்போது ‘உள்ளே மினுங்கக்கூடாது’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், லென்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அளவை எழுதிக்கொண்டு போனால் போதாது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பெரியப்பா கேமராவோடு ஒரு பே ஒன் மஞ்சள் ஃபில்டரும் கொடுத்திருந்தார், ஊட்டியில் செய்த ‘இந்து’ என்கிற ஃபிலிம் போட்டு அவர் கோயில் கோபுரமெல்லாம் எடுத்த காலத்தது, தோல் பையில் கீறல் இல்லாமல் இருக்கிறது. 124 ஜி-யில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்க்காது, அதனால் ஃபில்டர் போட்டால் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) நாமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும், அது பழகிவிட்டது. ஆனால் ஃபில்டரை மாட்டினால் வெளிவட்டம் பெரிதாகி ஹுட் ஏறமாட்டேன் என்கிறது. போன சனிக்கிழமை ஃபில்டரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அண்ணன் டைரியின் பின்பக்கத்தைப் புரட்டி, பழைய அளவுக்குக் கீழே புது அளவை எழுதிக்கொண்டார்.

“இதையும் அன்னைக்கே கொண்டாந்திருந்தா ரெண்டும் ஒரே சூட்டுல முடிஞ்சிருக்குமுங்க” என்றார். இந்தத் தடவை 400தான். பம்பு ஆர்டர் இருக்கிறதாம், பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.